கசப்பு இனிப்பை முறிக்குமா?

இந்தக் காட்சி உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். காலையில் தாத்தா கிளினிக்கில் கொடுத்த நீரிழிவு மாத்திரையை விழுங்குகிறார். பிறகு, பத்தாவாலிக் கொடியை வேகவைத்த நீரை ஒரு குவளை குடிக்கிறார். முகம் சுளிக்கும் அளவுக்குக் கசப்பு. "கசப்பு உள்ளே போனால் இனிப்பு தானாக இறங்கும்" என்கிறார்.

அது உண்மையா? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். ஆகவே, இது பல வீடுகளுக்குத் தேவையான கேள்வி.

காட்டில் தொடங்கும் அறிவு

ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள், கஹாங் பட்டணத்தைத் தாண்டி நெடுந்தூரம் மண்சாலையில் பயணம் செய்து கம்போங் பெத்தாவை அடைவார்கள். எண்டாவ் ஆற்றங்கரையில் உள்ள அந்தக் கிராமத்தில் ஜாகூன் மக்கள் வாழ்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் 18 ஒராங் அஸ்லி பிரிவுகளில் அவர்களும் ஒரு பிரிவினர். எந்த இலை காயத்துக்கு, எந்த வேர் காய்ச்சலுக்கு என்பதை அவர்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பெரியவர்கள் காட்டுக்குள் அழைத்துச் சென்று இளையவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே சென்று அந்த அறிவைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் நாட்டின் பாரம்பரிய மருத்துவத்தில் நீரிழிவுக்குப் பெயர்பெற்ற தாவரங்களில் ஒன்று பத்தாவாலி. இதன் அறிவியல் பெயர் தினோஸ்போரா கிரிஸ்பா. சித்த மருத்துவத்தில் பயன்படும் சீந்தில் கொடிக்கு இது நெருங்கிய உறவு. இரண்டுக்கும் இதய வடிவ இலைதான். ஆனால், பத்தாவாலியின் தண்டு முழுவதும் சிறு சிறு முண்டுகள் இருக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் உண்ணும் சோறு செரிமானமாகிக் குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உயிரணுக்கள் குளுக்கோசை எடுத்துக்கொள்ள இன்சுலின் வழிவிடுகிறது. இன்சுலின் போதாமல் போனாலோ, உயிரணுக்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காவிட்டாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும்.

இப்போது யோசியுங்கள். கசப்பு என்பது நாக்கு உணரும் சுவை. இரத்தத்தில் உள்ள குளுக்கோசை அது போய் 'முறிப்பதில்லை'. ஒரு தாவரம் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால், அதிலுள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள் குடலிலோ கணையத்திலோ கல்லீரலிலோ வேலை செய்ய வேண்டும். அதைச் சுவையால் அறிய முடியாது. சோதனையால்தான் அறிய முடியும்.

எலியும் மனிதனும்

பத்தாவாலி அந்தச் சோதனைக்கு வந்தது. 1989-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் குடிநீரில் அதன் சாற்றைக் கலந்து கொடுத்தார்கள். இரண்டு வாரங்களில் சர்க்கரை குறைந்தது, இன்சுலின் கூடியது. தாத்தா சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது அல்லவா?

அடுத்த படி மனிதர்கள். தாய்லாந்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பத்தாவாலித் தூள், மறு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, இரு குழுவினரின் சர்க்கரை அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதோடு, தூள் சாப்பிட்டவர்களில் இருவருக்குக் கல்லீரல் நொதிகள் வெகுவாக உயர்ந்தன. தூளை நிறுத்திய பிறகே அவை இயல்புக்குத் திரும்பின.

ஆகவே, எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. இயற்கையாக விளைந்தது என்பதால் மட்டுமே ஒன்று பாதுகாப்பானதும் ஆகிவிடாது.

செடியிலிருந்து மாத்திரைக்கு

அப்படியானால் மூலிகை அறிவு வீணா? இல்லவே இல்லை. தாத்தாவின் மாத்திரை மெட்ஃபார்மினாக இருந்தால், அதன் கதையும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவின் நாட்டு மருத்துவத்தில் கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடி நெடுங்காலம் பயன்பட்டது. அதிலுள்ள கலேகின் என்னும் பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் உருவாக்கினார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். நாட்டு மருத்துவம் வழிகாட்டியது. நஞ்சை விலக்கி, அளவை வரையறுத்து, சோதித்தது அறிவியல்.

நம் காட்டிலும் அப்படியொரு மருந்து மறைந்திருக்கலாம். அது கிடைத்தால் பயன் யாருக்கு? 2017-இல் மலேசியா இயற்றிய உயிரியல் வளச் சட்டம், பூர்வகுடி மக்களின் பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோர் அவர்களின் சம்மதத்தைப் பெற வேண்டும், பயனையும் பகிர வேண்டும் என்கிறது. காடு அழிந்தால் செடி போகும். பெரியவர்களிடம் கேட்க ஆளில்லாவிட்டால் அறிவும் போகும்.

தாத்தாவிடம் என்ன சொல்வீர்கள்?

அவரைக் கேலி செய்ய வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, கசப்பு நீர் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம் வரலாம்; கல்லீரலையும் கவனிக்க வேண்டியிருக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

செய்து பாருங்கள்

1. வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த மூன்று மூலிகைகளின் பெயர், பயன்படும் பகுதி, தயாரிக்கும் முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். எதையும் உட்கொள்ள வேண்டாம்.

2. தாய்லாந்து ஆய்வில் ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை கொடுத்தது ஏன்? அந்தக் குழு இல்லாவிட்டால் நாம் எந்தத் தவறான முடிவுக்கு வந்திருக்கக்கூடும்? வகுப்பில் பேசிப் பாருங்கள்.