ஆளில்லாத கடற்கரை

கொல்கத்தா பெரிய நகரம். பல தலைமுறைகளாகத் தமிழர்களும் அங்கே வாழ்கிறார்கள். லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். பேருந்தில் கூட்டம், ரயிலில் கூட்டம், கடைத்தெருவில் கூட்டம். ஒரு நாளாவது அமைதியான இடத்தில் உட்கார வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் சாகர் தீவு இருக்கிறது. கங்கையின் கிளையான ஹூக்ளி ஆறு அங்கேதான் வங்கக் கடலில் கலக்கிறது.

கூட்டமும் அமைதியும்

சாகர் தீவின் தென்கோடியில் கபில முனிவர் கோயில் உள்ளது. நமக்குப் பொங்கல் வரும் நாள்களில் அங்கே மகர சங்கராந்தி விழா நடக்கும். நீராடுவதற்கு லட்சக்கணக்கான மக்கள் வருவார்கள். அந்தச் சில நாள்களில் கால் வைக்க இடம் இருக்காது.

"மற்றத் தீர்த்தங்களுக்குப் பல முறை, கங்கா சாகருக்கு ஒரே முறை" என்று வட நாட்டில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பயணம் அவ்வளவு கடினம்.

விழா முடிந்ததும் கடற்கரை காலியாகிவிடும். மற்ற நாள்களில் நீண்ட, தட்டையான மணல்வெளியைப் பார்க்கலாம். தொலைவில் ஒரு மீன்பிடிப் படகு தெரியும். காற்றின் ஓசை கேட்கும். கிழக்கே உள்ள மௌசுனி தீவின் கரையும் இப்படித்தான் இருக்கும்.

போகும் வழி

கொல்கத்தாவின் சியால்டா நிலையத்தில் ரயில் ஏறி, காக்த்வீப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து படகுத்துறைக்குப் போக வேண்டும். அந்தத் துறையை 'லாட் எட்டு' என்பார்கள். முன்னே மூரிகங்கா ஆறு அகலமாக ஓடும். அதைப் படகில் கடந்தால் கச்சுபேரியா. அதுதான் தீவின் வாசல். அங்கிருந்து கோயிலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பேருந்தும் வண்டிகளும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றில் வண்டல் மிகுதி. தண்ணீர் வற்றிய நேரத்தில் படகு ஓடாது. குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினாலும் ஓடாது. சில சமயம் பல மணி நேரம் காத்திருக்க நேரும். கையில் கடிகாரம் இருந்தால் மட்டும் போதாது. கடலின் கடிகாரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலின் கடிகாரம்

நிலவும் சூரியனும் கடல் நீரைத் தம் பக்கம் இழுக்கின்றன. அதனால் கடல் மட்டம் ஏறுகிறது; பிறகு இறங்குகிறது. ஏறுவதை ஏற்றம் என்றும், இறங்குவதை வற்றம் என்றும் சொல்லலாம். பாடப் புத்தகங்களில் இதற்கு ஓதம் என்று பெயர். வங்காளிகள் ஏற்றத்தை 'ஜோயார்' என்பார்கள். வற்றத்தை 'பாட்டா' என்பார்கள்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுப் பார்த்த நேரம் இன்றைக்குப் பொருந்தாது.

அமாவாசை, பௌர்ணமி நாள்களில் நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கும். அப்போது ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி.

சென்னை மெரினாவுக்குப் போனவர்கள் இதை அவ்வளவாக உணர்ந்திருக்க மாட்டார்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு பெரிய நாள்களிலும் சுமார் 1 மீட்டர்தான். சாகர் தீவில் அப்படி இல்லை. பெரிய ஏற்ற நாள்களில் இந்த வேறுபாடு இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் இருக்கும். கரையோ தட்டையானது. வற்றத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். ஏற்றத்தில் அவ்வளவு தூரமும் திரும்பி வந்துவிடும். நடந்து போன இடமெல்லாம் தண்ணீர் ஆகிவிடும்.

அமைதி என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

இல்லை. கூட்டம் உள்ள கரையில் நாம் தவறிப்போனால் யாராவது கூப்பிடுவார்கள். ஒரு மீனவர் ஓடி வருவார். ஒரு காவலர் விசில் ஊதுவார். ஆளில்லாத கரையில் அந்தக் குரல் இல்லை. நம்மை நாமே எச்சரிக்க வேண்டும்.

வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திரர் 1866-இல் 'கபாலகுண்டலா' என்ற நாவலை எழுதினார். அதில் சாகர் போய்த் திரும்பும் ஒரு படகு மூடுபனியில் வழி தவறுகிறது. ஆளில்லாத ஒரு கரையில் ஒதுங்குகிறது. சமைக்க விறகு வேண்டும். நவகுமார் என்ற இளைஞன் விறகு தேடிப் போகிறான். அதற்குள் ஏற்றம் வந்துவிடுகிறது. படகை வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிறது. நவகுமார் கரையில் தனியே நிற்கிறான். இது கதைதான். ஆனால் அந்தக் கடலின் குணத்தை அறிந்து எழுதிய கதை.

செய்ய வேண்டியவை

1. கரைக்குப் போனதும் அன்றைய ஏற்ற நேரத்தைக் கேளுங்கள். வங்காளத்தில் வயதில் மூத்த ஆணை 'தாதா' என்றும், பெண்ணை 'தீதி' என்றும் அழைப்பது மரியாதை. "தாதா, ஜோயார் கொகொன் ஆஷ்பே?" என்றால் "அண்ணா, ஏற்றம் எப்போது வரும்?" என்று பொருள்.

2. சொன்ன நேரத்தை எழுதி வையுங்கள். கடைசிப் படகின் நேரத்தையும் எழுதுங்கள்.

3. தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகு மணலில் நடங்கள். முழுவதும் வற்றும் முன்பே கரைக்குத் திரும்புங்கள்.

4. கரையில் பலகை இருந்தால் நின்று படியுங்கள். மொழி தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

5. சேறு உள்ள இடத்தில் இறங்காதீர்கள். கால் புதைந்தால் வேகமாக இழுக்காதீர்கள். பின்பக்கம் சாய்ந்து, உடல் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல மெல்ல எடுங்கள்.

6. குழந்தைகளைத் தனியே தண்ணீரில் விடாதீர்கள். பெரியவர்களும் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம்.

7. யாராவது நீரில் தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசுங்கள். உரக்கக் கூப்பிடுங்கள். 112 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கடலோரக் காவல் படையின் எண் 1554.

எப்போது போகலாம்?

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. மழையும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் வங்கக் கடலில் புயல் வரலாம். அப்போது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வானிலைச் செய்தியைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

2021 மே 26 அன்று 'யாஸ்' புயல் வந்தது. அது கரையைக் கடந்தது பக்கத்து மாநிலமான ஒடிசாவில். ஆனால் அன்று பௌர்ணமி. பெரிய ஏற்றமும் புயலும் சேர்ந்துகொண்டன. சாகர், மௌசுனி, கோடாமாரா தீவுகளில் கடல் கரையணையைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. வயலிலும் குளத்திலும் உப்பு நீர் நின்றது. சாகர் தீவு வெற்றிலைக்குப் பேர் போனது. உப்பு நீரில் கொடிக்கால்கள் கருகின.

இது யாருடைய கரை?

ஒரு நாள் வருபவருக்கு அது ஆளில்லாத கரை. அங்கே வாழ்பவருக்கு அது வீட்டு வாசல்.

கடல் அந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வருகிறது. கபில முனிவரின் பழைய கோயில்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது உள்ள கோயில் 1970-களில் கட்டப்பட்டது. வடக்கே உள்ள கோடாமாரா தீவு ஆண்டுதோறும் சுருங்குகிறது. அங்கே வீடும் நிலமும் இழந்த பலர் சாகர் தீவில் குடியேறினார்கள்.

கரையில் அலையாத்தி மரங்கள் உள்ளன. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. அவற்றை ஒடிக்கக் கூடாது.

மணலில் சிவப்பு நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. காலடி அதிர்ந்தால் போதும், வளைக்குள் ஓடி மறையும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மீண்டும் வெளியே வரும். மணலில் வண்டி ஓட்டினால் அவை நசுங்கிச் சாகும்.

காயும் மீனையும் வலையையும் மிதிக்காதீர்கள். அங்கே உள்ளவரிடமே இளநீரும் தேநீரும் வாங்குங்கள். அவர்களுக்கு அது நாலு காசு வருமானம். கொண்டுபோன பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

நேரம் அறிந்து போனால் பயமின்றி அமைதியை அனுபவிக்கலாம். பொறுப்போடு நடந்தால் அடுத்து வருபவருக்கும் அந்த அமைதி மிஞ்சும்.

பொருள் அறிவோம்

வண்டல் – ஆற்று நீர் கொண்டுவரும் மென்மையான மண்
கொடிக்கால் – வெற்றிலைத் தோட்டம்
வளை – நண்டு வாழும் பொந்து

கணக்கிடுவோம்

இன்று காலை 8 மணிக்கு முழு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

1. முழு வற்றம் எப்போது வரும்? (சுமார் 6 மணி 10 நிமிடம் கூட்டுங்கள்.)
2. அடுத்த ஏற்றம் இரவில் எத்தனை மணிக்கு?
3. நாளைக் காலை ஏற்றம் எத்தனை மணிக்கு?

விடை: 1. பிற்பகல் 2.10, 2. இரவு 8.25, 3. காலை 8.50.

சிந்தித்து எழுதுவோம்

1. மெரினாவுக்கும் சாகர் கரைக்கும் என்ன வேறுபாடு?
2. ஒடிசாவில் கரையைக் கடந்த புயலால் சாகர் தீவில் ஏன் வெள்ளம் வந்தது?
3. உங்கள் ஊருக்கு அருகே உள்ள கடல், ஆறு அல்லது ஏரிக்குப் போகிறவர்களை எச்சரிக்க ஒரு பலகை வேண்டும். அதில் என்ன எழுதுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுங்கள்.