அடித்தளமும் தண்ணீரும்: சிலிம் ரிவர் தேர்வர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) கட்டுமானப் பிரிவுக்குப் படிக்கிறவர்களுக்காக எழுதியது. லயத்து வீட்டில் வளர்ந்து, சொந்த நிலத்தில் வீடு எழுப்ப நினைக்கும் குடும்பத்துக்கும் இதே கணக்குதான். எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அடித்தளத்தைப் பற்றிய எண்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. அது புரிந்தால் எண் தானாக நினைவில் நிற்கும்.

நிலமும் அனுமதியும்

• சிலிம் ரிவர் முன்பு பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருந்தது. 2016 ஜனவரி 11 முதல் முவாலிம் மாவட்டம். பேராவின் 11-ஆவது மாவட்டம்.

• பட்டாவில் நிலத்தின் வகை 'விவசாயம்' என்றிருந்தால் அதைக் 'கட்டடம்' என மாற்ற விண்ணப்பிக்கும் விதி: 1965 தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, பிரிவு 124.

• கட்டட வரைபட அனுமதிக்கு அடிப்படை: 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133). அதன் கீழ் 1984 ஒருசீர் கட்டட உட்சட்டங்கள்.

• பழைய சி.எஃப்.ஓ. (குடியேறத் தகுதி) சான்றிதழுக்குப் பதிலாக சி.சி.சி. (கட்டி முடித்தல், இணக்கச் சான்றிதழ்) வந்தது 2007 ஏப்ரல் 12-இல். கட்டுமானத்தின் படிநிலைகளுக்கு ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள். ஜி1 மண் வேலை, ஜி2 மனைக்கோடு இடுதல், ஜி3 அடித்தளம், ஜி4 கட்டமைப்பு. இந்த நான்கையும் வரிசையோடு எழுதிப் பழகுங்கள். ஜி3 ஏன் தனிப்படிவம்? மண் மூடிவிட்டால் அடித்தளத்தை மறுபடி யாரும் பார்க்க முடியாது. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டும் முன்பே, பொறியாளரை அழைத்துக் காட்டிவிட வேண்டும்.

பால்மரம் நின்ற மண்

• தோட்டமாக இருந்த நிலத்தில் பால்மரக் கட்டைகளையும் வேர்களையும் முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும். புதைந்த கட்டை அழுகினால் அங்கே வெற்றிடம் விழும். மேலே நிற்கும் ஃபுட்டிங் (தூணின் அடிப்பீடம்) ஒரு பக்கம் இறங்கும். எல்லாப் பக்கமும் சமமாக இறங்கினால் வீடு ஓரளவு தாங்கும். ஏற்றத்தாழ்வாக இறங்குவதே சுவரில் சாய்வான வெடிப்பைக் கொண்டுவருகிறது.

• கோப்டோடெர்மிஸ் கர்விக்நாதஸ் என்ற கரையான் உயிருள்ள பால்மரத்தையே தின்னும். ஆகவே தரைத்தளம் வார்க்கும் முன் மண்ணுக்குக் கரையான் மருந்து.

• மண்ணின் உறுதியைப் பார்க்க ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) புரோப்: 5 கிலோ சுத்தியல், 280 மி.மீ. வீழ்ச்சி, 300 மி.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. 400 அடியைத் தொட்டால் நிறுத்தம். இதை எஸ்.பி.டி. சோதனையோடு குழப்பாதீர்கள். எஸ்.பி.டி.-யில் 63.5 கிலோ, 760 மி.மீ.; மொத்தம் 450 மி.மீ. இறக்கி, கடைசி 300 மி.மீ.-க்கான அடிகளே 'என்' மதிப்பு.

• மென்மண்ணில் சிறிய வீட்டுக்குப் பழைய வழக்கம் பக்காவ் மரமுளை. அது கிடைக்கும் இடமும் பேராவில்தான் இருக்கிறது: மாத்தாங் சதுப்புநிலக் காடு. அங்கே மரச் சுழற்சி 30 ஆண்டு; 15, 20-ஆம் ஆண்டுகளில் கலைத்து வெட்டும்போது கிடைப்பவை இந்தக் கழிகள். பக்காவ் எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துவிடும்.

மனைக்கோடும் கம்பியும்

• மூலை 90 பாகை வர 3:4:5 அளவு. பிறகு இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்ப்பது கட்டாயம். மட்டம் பார்க்க டியூப் லெவல். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய்.

• வானம் தோண்டி, அடியில் 50 மி.மீ. அளவுக்கு மெலிந்த கான்கிரீட், 1:3:6 (சிமெண்ட்:மணல்:ஜல்லி). அதன்மேல் கம்பி வைத்தால் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 40 மி.மீ.; நேராக மண்ணோடு வார்த்தால் 75 மி.மீ. கவர் குறைந்தால் ஈரம் கம்பியை எட்டும், துரு ஏறும், துரு வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக்கு அடியில் செங்கல் துண்டு வைப்பது தவறு. செங்கல் தண்ணீரை உறிஞ்சும். கவர் பிளாக் வையுங்கள்.

• கம்பி எடை: மி.மீ.-இல் விட்டத்தின் வர்க்கம் ÷ 162. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ.

• பி.ஆர்.சி. வலை 'ஏ7' என்றால் 7 மி.மீ. கம்பி, 200 மி.மீ. இடைவெளி, மீட்டர் அகலத்துக்கு 193 சதுர மி.மீ. அதனால் இதையே 'ஏ193' என்றும் எழுதுவார்கள்.

கலவைக் கணக்கு

• 1:1½:3 கலவையில் 1 கன மீட்டர் கான்கிரீட்: உலர்ந்த பொருள் 1.54 கன மீட்டர். சிமெண்ட் 1.54 ÷ 5.5 = 0.28 கன மீட்டர், ஏறக்குறைய 8 மூட்டை (50 கிலோ). மணல் 0.42, ஜல்லி 0.84.

• மாதிரிக் கேள்வி: 1.2 × 1.2 × 0.3 மீட்டர் ஃபுட்டிங் 10. கன அளவு 4.32. சிமெண்ட் சுமார் 35 மூட்டை. எடை, கன மீட்டருக்கு 2,400 கிலோ வீதம், 10 டன்னுக்குச் சற்று மேல்.

• சி20/25: முன் எண் உருளை வலிமை, பின் எண் 150 மி.மீ. கனசதுர வலிமை. அடிக்கடி மாற்றி எழுதும் இடம்.

• நீர்–சிமெண்ட் விகிதம்: டஃப் ஏப்ரம்ஸ், 1918. விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும். 0.5 என்றால் மூட்டைக்கு 25 லிட்டர். கலவை 'ஓடட்டும்' என்று இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டின் வலிமையை அந்த ஒரு வாளி கரைத்துவிடுகிறது.

• மழைக்குப் பின் மணலிலேயே தண்ணீர் இருக்கும். 100 கிலோ மணலில் 5% ஈரம் என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். ஊற்றும் நீரில் அதைக் கழிக்க வேண்டும். ஈர மணல் கன அளவிலும் உப்பும். பெட்டியால் அளந்தால் உண்மையான மணல் குறைவாகவே விழும்.

வார்ப்பு

• உள்நாட்டுப் பேராவில் மழை உச்சம் இரண்டு: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். காலையிலேயே வார்ப்பைத் தொடங்குங்கள். மூட பிளாஸ்டிக் விரிப்பு கையருகே இருக்கட்டும்.

• குழியில் தேங்கிய நீரை இறைத்து, குழைந்த சேற்றையும் வழித்த பிறகே கொட்டுவது.

• கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் கூம்பு: உயரம் 300, அடி 200, மேல் 100 மி.மீ. மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து.

• 1.5 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக் கூடாது, ஜல்லி பிரியும். வைப்ரேட்டரைச் செங்குத்தாக இறக்கி மெதுவாக எடுக்க வேண்டும். அதை வைத்துக் கலவையைத் தள்ளக் கூடாது.

நீராற்றுதல்

• 'கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது': தவறு. சிமெண்டும் நீரும் வினைபுரிந்தே இறுகுகிறது. கலக்கும்போது கூடுதல் நீர் கேடு. இறுகிய பின் மேலே நிற்கும் நீர் உரம். குறைந்தது 7 நாள் ஈரச் சாக்கு போடுங்கள்.

• 7-ஆம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை. கணக்குக்கு எடுப்பது 28-ஆம் நாள்.

• பலகை பிரித்த பின் மண் நிரப்புவது 150 மி.மீ. அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் இடித்து. ஃபுட்டிங்கின் இருபுறமும் சேர்த்தே ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் தூணின் அடிக்கட்டை சாயும்.