மிஷின் இமேஜ்: ஏத்தினால் மட்டும் காணாது



இந்தக் கிழமை எபிசோட்டில மிஷின் இமேஜ் செய்து, அதை எல்லாரும் எடுக்கக்கூடிய ஒரு பொது இடத்துக்கு ஏத்திறதைப் பற்றிக் கதைச்சோம். கேட்கேக்க லேசா இருக்கும். ஸ்டாஜிலயோ அல்ட்டர்னான்ஸிலயோ முதல் தரம் செய்யேக்கதான் குழம்பும். அதால படிப்படியா எழுதித் தாறம்.

1. இமேஜ் எண்டால் என்ன?

லா ஷப்பல் கடையில வாங்கிற வறுத்த மிளகாய்த்தூளை யோசியுங்கோ. என்னென்ன எவ்வளவு போடவேணும் எண்டு அம்மா எழுதித் தந்த துண்டு ஒண்டு. வறுத்து அரைச்சுப் பையில அடைச்ச தூள் இன்னொண்டு. துண்டுதான் உங்கட ஸ்கிரிப்ட், பைதான் இமேஜ்.

ஒரே துண்டை வைத்து இரண்டு வீட்டில் வறுத்தாலும் தூள் ஒன்றுபோல வராது. சர்வரும் அப்படித்தான். இன்றைக்கு ஓடிய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட், மூன்று மாதம் கழித்து ஓடும்போது வேறு வெர்ஷன்களை இறக்கிவிடும். அதனால்தான் ஒரு தரம் செய்து, சோதித்து, அப்படியே உறைய வைத்த டிஸ்க்கை வைத்திருக்கிறோம். ஓஎஸ், லைப்ரரி, செட்டிங் எல்லாம் அதற்குள் இருக்கும். பத்து மிஷின் வேண்டுமென்றால், அந்த ஒன்றிலிருந்தே பத்தையும் எழுப்பலாம்.

2. எப்படிச் செய்யிறது?

இதற்குப் பேர்போன கருவி பேக்கர். வேக்ரன்டை உருவாக்கிய மிட்செல் ஹஷிமோட்டோ 2013-இல் வெளியிட்டது. அது மூன்று கட்டமாக வேலை செய்யும். பில்டர் ஒரு வெறும் மிஷினை எழுப்பும். புரொவிஷனர் அதற்குள் போய்த் தேவையானதை இன்ஸ்டால் செய்யும். போஸ்ட்-புரொசெஸர், வந்த டிஸ்க்கைப் பொதி கட்டி, வேணுமெண்டால் ஏத்தியும் விடும்.

வேக்ரன்டுக்குக் கட்டின பொதியை 'பாக்ஸ்' எண்டு சொல்லுவினம். உள்ள டிஸ்க்கும், எந்த வேர்ச்சுவல் மிஷினுக்குச் செய்தது எண்டு சொல்லிற ஒரு சின்ன மெட்டாடேட்டா ஃபைலும் இருக்கும்.

3. ஏத்த முதல் துடைக்கவேணும்

கனபேர் விடுகிற பிழை இதுதான். பில்ட் நடக்கேக்க பாவிச்ச பாஸ்வேர்ட், டோக்கன் உள்ளேயே கிடக்கும். பொது இடத்துக்கு ஏத்தினால் அது ஊருக்கே தெரியும்.

- அழிச்சால் போச்சு எண்டு நினைக்காதேங்கோ. டிஸ்க்கில அழித்த ஃபைலின் தரவு, அதன்மேல் வேறு ஏதும் எழுதப்படும்வரை அங்கேயே இருக்கலாம். டொக்கர் இமேஜில் ஒரு லேயரில் போட்டதை அடுத்த லேயரில் அழித்தாலும், பழைய லேயரில் அது அப்படியே இருக்கும். பாதுகாப்பான வழி, ரகசியத்தை உள்ளே வைக்காமலே பில்ட் செய்யிறது.
- எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை எடுத்துவிடுங்கோ. இல்லாட்டி அந்த இமேஜில இருந்து எழும்பிற எல்லா மிஷினுக்கும் ஒரே கீதான். ஒண்டின்ர கீ களவு போனால் மற்றதுகளின்ரயும் போனமாதிரி.
- லொக், கேஷ் எல்லாம் துடையுங்கோ. சைஸும் குறையும்.

4. ஏத்தேக்க என்ன எழுதவேணும்?

வேக்ரன்ட் பாக்ஸ் ஏத்திற சேவையில ஒழுங்கு பொதுவா இப்படி: முதல்ல பாக்ஸின் பெயர், அதற்குக் கீழ வெர்ஷன், அதற்குக் கீழ புரொவைடர், பிறகுதான் ஃபைல். கடைசியாக 'ரிலீஸ்' கொடுத்தால்தான் மற்றவர்கள் அந்த வெர்ஷனை எடுக்கலாம். பெயரில்லாத பையில தூளைக் கட்டி வைச்சால் ஆறு மாதம் கழிச்சு எவருக்கும் விளங்காது, அதால இந்த மூண்டையும் மறக்காதேங்கோ:

- வெர்ஷன் எண். 1.0.0-ஐ ஏத்தினால் அது முடிஞ்சுது. திருத்தினால் 1.0.1. அதே எண்ணுக்குமேல திரும்ப ஏத்தாதேங்கோ. நேற்று எடுத்தவரும் இண்டைக்கு எடுத்தவரும் ஒரே பெயரில வேற வேற மிஷின் வைச்சிருப்பினம், பிழை எங்க எண்டு தேடி அலைவீங்கள்.
- செக்சம். எஸ்எச்ஏ-256 போட்டால் 64 எழுத்துள்ள ஒரு கைரேகை வரும். இறக்கினவர் அதைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தால், வழியில ஃபைல் மாறினதோ இல்லையோ எண்டு தெரியும்.
- எதில இருந்து செய்தது. எந்த ஓஎஸ், எந்தத் தேதி, கிட்டில எந்தக் கமிட்.

5. ஒரே இடத்தை மட்டும் நம்பலாமா?

பொது இடத்தின் நன்மை பெரிது. பாரிஸில் தொடங்கிய டொட்கிளவுட் என்ற நிறுவனம்தான் 2013-இல் டொக்கரை வெளியிட்டது. டொக்கர் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, எவரும் ஏற்றலாம், எவரும் எடுக்கலாம் என்ற டொக்கர் ஹப்பும் ஒரு காரணம்.

ஆனால் அந்த இடத்தின் சாவி உங்கள் கையில் இல்லை. ஹஷிகோர்ப்பின் அட்லஸ் சேவைக்கு ஏற்றும்படி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள், 2017-இல் அந்தச் சேவை பிரிக்கப்பட்டபோது அவற்றை மாற்ற வேண்டி வந்தது. 2020 நவம்பரில் டொக்கர் ஹப், லொகின் இல்லாமல் எடுப்பவர்களுக்கு 6 மணிநேரத்துக்கு 100 தரம் என்று எல்லை வைத்தது. ஒரே ஐபியில் ஒரு வகுப்பே இருந்தால் அது கெதியாய் முடிஞ்சிடும்.

2021 மார்ச் 10 அதிகாலை, ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாக்கப் நகலையும் அதே இடத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

ஒரே இடத்தில இருக்கிறது ஒரே இரவில போகும் எண்டது எங்கட வீடுகளில தெரிஞ்ச கதைதான். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின. அவற்றைத் திரும்ப எழுத வழியில்லை. இமேஜை அப்படியில்லை, திரும்பச் செய்யலாம். ஆனால் துண்டு பத்திரமாக இருந்தால்தான். ஆகவே டெம்ப்ளேட்டை கிட்டில் வையுங்கோ, இமேஜின் இன்னொரு நகலை வேறு ஊரில், வேறு நிறுவனத்திடம் வையுங்கோ.

இந்தக் கிழமைக்கு வேலை

வேர்ச்சுவல்பாக்ஸில ஒரு சின்ன டெபியன் பாக்ஸ் செய்யுங்கோ. 0.1.0 எண்டு ஏத்துங்கோ. பிறகு வேற ஒரு லப்டொப்பில இறக்கி, செக்சத்தை ஒப்பிட்டு, எழுப்பிப் பாருங்கோ. அந்த இரண்டாவது லப்டொப்பில அது எழும்பினால்தான் வேலை முடிஞ்சது எண்டு அர்த்தம். 'அப்லோட் முடிந்தது' எண்டு ஸ்கிரீனில வாறதை நம்பி மூடிப்போட்டுப் படுக்காதேங்கோ.

எங்க இடறினீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில அதைப் பற்றிக் கதைப்பம். சந்திப்பம்!