மைக் இல்லாத மேடையில் கே.பி.சுந்தராம்பாள்

கே.பி.சுந்தராம்பாள் என்றதும் நம்மில் பல பேருக்கு 'திருவிளையாடல்' படத்தில் வரும் ஔவையார்தான் ஞாபகத்துக்கு வருவார். நெற்றி நிறைய விபூதி, கணீர்னு ஒரு குரல். அந்தப் படம் வந்தது 1965இல். அப்போது அவர் 50 வயதைத் தாண்டியிருந்தார். ஆனால் அந்தக் குரல் உருவான இடம் சினிமா இல்லை, நாடக மேடை. அந்தக் குரல் எப்படி உருவானது, பிற்பாடு அது அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன?

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, வறுமையில் ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அங்கிருந்து நாடகக் கம்பெனிக்குப் போய், சின்ன வயசிலேயே மேடை ஏறிவிட்டார்.

அப்போது 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறொரு ஊரிலிருந்து. அன்றைக்கு ராத்திரிதான் எல்லாரும் ஒன்றாகச் சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. நாடகம் விடிய விடிய நடக்கும். இது எப்படிச் சாத்தியம்? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' மாதிரியான நாடகங்களின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். நம்ம பாஷையில் சொன்னால், எல்லாருக்கும் ஒரே புரோட்டோகால். வெவ்வேறு கம்பெனி தயாரித்த இரண்டு போன்கள் பேசிக்கொள்கிற மாதிரிதான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. எதிரில் நிற்பவர் எந்த ஸ்வரத்தில் ஏறுவார், தர்க்கத்தில் எப்படி மடக்குவார் என்று முன்கூட்டியே தெரியாது. மேடையிலேயே பதில் பாட வேண்டும். பிடித்துவிட்டால் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். பிடிக்காவிட்டால் அதையும் உடனே காட்டிவிடும்.

கடைசி வரிசைக் கணக்கு

1920களில் நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலியின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 32 மீட்டருக்குப் போக ஐந்து தடவை இரட்டிக்க வேண்டும். அப்படியென்றால் மொத்தம் 30 டெசிபல் இழப்பு. நாம சாதாரணமாகப் பேசுவது 1 மீட்டரில் சுமார் 60 டெசிபல். 32 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மிஞ்சுவது 30தான். கூட்டத்தின் முணுமுணுப்பிலேயே அது காணாமல் போய்விடும். 90 டெசிபலில் பாடினால்தான் அங்கே 60 கிடைக்கும். கொட்டகைக்குள் எதிரொலி கொஞ்சம் உதவும், ஆனாலும் சுமை பாடுகிறவர் தொண்டையில்தான்.

வெறும் சத்தம் மட்டும் போதாது. நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் ரொம்பக் கூர்மையாகக் கேட்கும். தொண்டையைத் திறந்து, உச்ச ஸ்தாயியில், அழுத்தமாகப் பாடும்போது அந்தப் பகுதியில் மேற்சுரங்கள் பலமாக விழும். 'கணீர்' என்று நாம சொல்வது பெரும்பாலும் அதைத்தான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தூரம் போகப் போக உயிரெழுத்து தங்கும், மெய்யெழுத்து முதலில் தொலையும். ராகம் கேட்கும், வார்த்தை புரியாது. அதனால்தான் மேடைப் பாடகர்கள் ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்பின மாதிரி உச்சரித்தார்கள். சுந்தராம்பாள் பாட்டைக் கேட்கும்போது ழகரத்தையும் றகரத்தையும் கவனித்துப் பாருங்கள். அது கடைசி வரிசைக்காகப் பழகிய நாக்கு.

25 வயதில் வந்த இன்னொரு கட்டுப்பாடு

செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். உச்ச ஸ்தாயியில் அவரோடு மேடையில் ஈடுகொடுத்து நின்றவர் சுந்தராம்பாள். இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. அந்த உறவில் பிரிவும் வருத்தமும் நிறைய இருந்தன. 1933 டிசம்பரில், 30 வயதுகூட ஆகாமல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றிலிருந்து அவர் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1980இல் இறக்கும் வரை அதை மாற்றவில்லை. இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம கடந்துவிடுகிறோம். ஆனால் மனைவியை இழந்த எந்த நடிகரிடமும் இப்படி ஒரு விரதத்தை யாரும் எதிர்பார்த்ததில்லை. நாடகத்தில் நடிக்கிற பெண் என்றாலே குறைவாகப் பார்த்த காலம் அது. அந்த முடிவில் துக்கம் எவ்வளவு, ஊர் வாய்க்குப் பதில் எவ்வளவு என்று வெளியிலிருந்து நாம பிரித்துச் சொல்ல முடியாது.

நமக்குத் தெரிவது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. 1931இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்து பேசும்படம் நாடகத்தின் கூட்டத்தை இழுக்க ஆரம்பித்திருந்தது. கதாநாயகி வேஷம் வேண்டாம் என்பவருக்கு சினிமாவில் என்ன வேலை? 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பது அன்றைக்குப் பெரிய பேச்சு. படம் விமர்சனத்தில் நன்றாக அடிவாங்கியது என்பதும் உண்மை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். பக்தர், கிழவி, துறவி. ஜோடியே தேவைப்படாத, ஆனால் கதையைத் தாங்குகிற பாத்திரங்கள். அந்த வேஷங்களுக்குத் தேவைப்பட்டது அழகு இல்லை, அதிகாரமான ஒரு குரல். அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

அதே குரல்தான் காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரப் போராட்டத்துக்காகவும் பாடியது. பிறகு சென்னை சட்ட மேலவைக்கும் போனார். 'துணைவன்' (1969) படப் பாட்டுக்குத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

செய்து பாருங்கள்

பருத்திப்பட்டு ஏரி நடைபாதைக்கு ஒரு நாள் காலையில் சீக்கிரமாகப் போங்கள். ஒருத்தர் நின்ற இடத்திலேயே நின்று நான்கு வரி பாடட்டும். மற்றவர் 4, 8, 16, 32 மீட்டர் என்று தள்ளிப் போய், கேட்ட வார்த்தைகளை மட்டும் எழுதட்டும். பிறகு அதே வரிகளை ஒரு ஸ்வரம் ஏற்றி, மெய்யெழுத்தை அழுத்திப் பாடிப் பாருங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். போன் ஆப்பில் டெசிபலையும் அளக்கலாம்.

நாலு வரிக்கே நமக்கு மூச்சு வாங்கும். அவர் விடிய விடியப் பாடினார், அடுத்த ஊருக்கு ரயில் ஏறினார், அங்கேயும் பாடினார்.