பச்சைப் பாசிப் பொடி: பலன் உண்டு... ஆனால் பார்த்துச் சாப்பிடுங்கள்!

"டாக்டர், நாங்க சுத்த சைவம். பி12 சத்துக்காக ஆறு மாசமா சுருள்பாசி மாத்திரைதான் சாப்பிடறேன். ஆனாலும் உள்ளங்கால் மரத்துப் போகுது, மறதியும் அதிகமா இருக்கு..."

முதலியார்பேட்டையில் என்னிடம் வந்த ஒரு குடும்பத் தலைவி இப்படிச் சொன்னார். நாடி பார்த்தேன். நாக்கு வழவழவென்று இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பி12 மிகக் குறைவு! 'பாசி சாப்பிட்டும் ஏன் இப்படி?' என்று கேட்டார். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

சுருள்பாசி என்றால் என்ன?

ஸ்பைருலினா என்கிற நீலப்பச்சைப் பாசிதான் அது. நோன்பு நாட்களில் பால் சேர்த்துச் செய்கிற கடல்பாசி வேறு, இது வேறு. சோடா உப்பு கலந்த தொட்டி நீரில் வளர்த்து, வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். நம் ஊருக்கு வடக்கே ஆரோவில்லிலும் இதற்குப் பண்ணை இருக்கிறது. நான் கல்லூரியில் படித்த குணபாடத்தில் இது கிடையாது. எனவே, 'சித்தர்கள் சொன்ன பாசி' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பலன் என்ன?

இதன் எடையில் பாதிக்கு மேல் புரதம். இரும்புச்சத்தும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் உண்டு. சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், புதுக்கோட்டைப் பகுதிக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்புள்ளிகள் குறைந்ததாக 1993-ல் அறிக்கை வெளியானது.

ஆனால் அளவையும் பாருங்கள். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் சுண்டலிலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும்.

பி12 விஷயம்

இதில் இருப்பது பெரும்பாலும் 'போலி பி12'. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவி மாதிரி! நம் உடலுக்கு அது பயன்படாது. சத்து கிடைக்கிறது என்று நம்பி நாட்களைக் கடத்தினால், நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

* பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள்.

* லூபஸ் போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் உள்ளவர்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிடுபவர்கள்.

* இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

* கெல்ப் போன்ற கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் மிக அதிகம். தைராய்டு உள்ளவர்கள் கவனம்!

வாங்கும்போது...

பாசி தான் வளரும் நீரிலுள்ள ஈயம், பாதரசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அசுத்த நீரில் கூடவே வளரும் வேறு பாசிகள், கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சை உண்டாக்கும். இதற்காகவே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1997-ல், ஒரு கிராம் பாசியில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. எனவே குளத்துப் பாசியை எடுத்து வீட்டில் பொடி செய்யும் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படிச் சாப்பிடுவது?

அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். மோரிலோ, ஆறிய கஞ்சியிலோ கலக்கலாம். குமட்டல், பேதி, அரிப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பெண்மணியை ஆங்கில மருத்துவரிடம் அனுப்பி, பி12 ஊசி போட வைத்தேன். சில மாதங்களில் மரமரப்பு குறைந்தது. சித்த வைத்தியர் ஊசிக்கு அனுப்புவதா என்று கேட்காதீர்கள். நோயாளி குணமாவதுதான் முக்கியம்.

பாசி உணவுக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல. முருங்கைக்கீரையும் பயறும் முதலில் உங்கள் தட்டுக்கு வரட்டும். பாசி பிறகு வரலாம்!