டெலக்ஸில் ஓடிய பொருளாதாரம்

கேள்வி: நாட்டின் பொருளாதாரத்தைக் கணினி வைத்து நடத்த யாராவது முயன்றதுண்டா?

பதில்: உண்டு, சிலியில். 1971-இல் அதிபர் அயெந்தேயின் அரசு, நாட்டுடைமையான ஆலைகளை நிர்வகிக்க ஸ்டாஃபோர்ட் பீர் என்ற ஆங்கிலேய அமைப்பியல் அறிஞரை அழைத்தது. திட்டத்தின் பெயர் சைபர்சின்.

ஆலைகள் உற்பத்திக் கணக்கை டெலக்ஸில், அதாவது தொலைத்தட்டச்சு வலையமைப்பில், தலைநகர் சாந்தியாகோவுக்கு அனுப்பும். கணினி அதை அலசி, வழக்கத்துக்கு மாறானதை மட்டும் சொல்லும். கோளாறை முதலில் ஆலையே சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால்தான் மேலிடம் தலையிடும். பீரின் யோசனையில் சுவையான இடம் இந்தப் படிநிலைதான். இந்தத் தகவலைப் பார்க்க அமைத்த கட்டுப்பாட்டு அறையில் 7 சுழல் நாற்காலிகள், கைப்பிடியில் பொத்தான்கள். மேசையே கிடையாது!

1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, லாரி எங்கே கிடைக்கும் என்பதை டெலக்ஸ் வழியே அறிந்து அரசு சரக்கை நகர்த்தியது. கணினியைவிட டெலக்ஸ்தான் கைகொடுத்தது எனலாம். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; திட்டமும் கைவிடப்பட்டது.