காரை நகர்த்தும் சக்கரப் பலகை

தோட்டத்துப் பட்டறையில் இடம் குறைவு. எஞ்சின் கழற்றிய காரைச் சுவரோரம் ஒதுக்க ஆறேழு பேர் திணறுவதை நாம் கண்டிருக்கிறோம். டயருக்கு ஒன்றாக நான்கு சக்கரப் பலகைகள் இருப்பின், சமதரையில் இருவரே காரைப் பக்கவாட்டிலும் தள்ளலாம். அவற்றை நாமே செய்துகொள்ள இயலும்.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். முன்புறம் எஞ்சின் கொண்ட 1,000 கிலோ காரில், முன் டயர் ஒன்றின்மேல் ஏறத்தாழ 300 கிலோ இறங்கும். பலகையின் அடியில் எப்பக்கமும் சுழலும் சிறு சக்கரங்கள் நான்கு பூட்டினாலும், மேடுபள்ளத்தில் இரண்டே பாரம் தாங்க நேரிடும். ஆகவே ஒவ்வொன்றும் 150 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவதாயிருத்தல் வேண்டும்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டைப் பசையிட்டு ஒட்டி, சக்கரங்களைப் போல்ட்டு நட்டால் முடுக்குக. ஆணி உதவாது, ஆணியடித்த பலகையொன்று பாதி வழியில் பிளந்ததை நாம் பார்த்ததுண்டு. பலகையின்மேல், டயர் உருளாதிருக்க, முன்னும் பின்னும் சரிவாகச் சீவிய கட்டைகளைப் பொருத்துக.

ஜாக்கியால் ஒவ்வொரு டயராக உயர்த்துக. அப்பொழுது தரையிலுள்ள டயர்களுக்கும், முன்னரே ஏற்றிய பலகைகளின் சக்கரங்களுக்கும் அடைக்கட்டை வைத்தல் வேண்டும்.

பலர் ஏமாறுவது இனித்தான். கைப்பிரேக் டயரைப் பிடிக்குமேயன்றிப் பலகையின் சக்கரத்தைப் பிடிக்காது. தரை சற்றே சரிந்திருந்தாலும் கார் தானே ஓடும்; மார்பு கொடுத்துத் தடுப்பவர் சுவரோடு நசுங்குவார். எனவே, போகும் திசையில் எவரும் நிற்கலாகாது. அடியில் வேலை இருப்பின், காரை இரும்புத் தாங்கிகள்மேல் இறக்கிய பின்னரே நுழைதல் வேண்டும்.